பூனைக்குப் பால் வைக்கலாமா?

வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் சரியாகச் செரிக்காது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி தேவை. தாய்ப்பாலை மறந்த பிறகு பூனையின் குடலில் அது குறைந்துகொண்டே போகும். உடையாத சர்க்கரை பெருங்குடலில் புளித்து, தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். அப்புறம் வாயு, வயிற்றுப்போக்குதான்.

'ஆனா ஆசையா குடிக்குதே?' பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதை இழுப்பது கொழுப்பும் புரதமும்.

செரித்தாலும் கலோரி கணக்கு இடிக்கும். 4 கிலோ வீட்டுப் பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கலோரி போதும். 6% கொழுப்புள்ள ஃபுல் க்ரீம் பால் 100 மில்லியிலேயே 85 கலோரிக்கு மேல் இருக்கிறது. லாக்டோஸ் நீக்கிய பால் வயிற்றைக் காப்பாற்றும், எடையை அல்ல.

தயிர், பனீரில் லாக்டோஸ் குறைவு. எப்போதாவது ஒரு ஸ்பூன் வெறும் தயிரோ, உப்பில்லாத சின்ன பனீர் துண்டோ பரவாயில்லை. சீஸில் உப்பு அதிகம். வெங்காயப் பச்சடி கூடவே கூடாது: வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட் ஐஸ்க்ரீமும் விஷம்தான்.

உண்மையான ஆபத்து குட்டிகளுக்கு. தெருவில் கிடைத்த குட்டிக்கு இங்க் ஃபில்லரில் பசும்பால் புகட்டுவது நம்ம ஊர் வழக்கம். பூனைப் பாலில் உள்ள புரதத்தில் பாதிகூட பசும்பாலில் இல்லை. வயிற்றுப்போக்கு வந்தால் நீரிழப்பிலேயே குட்டி இறந்துவிடலாம். கால்நடை மருத்துவரிடமோ பெட் ஷாப்பிலோ 'கிட்டன் மில்க் ரீப்ளேசர்' கேளுங்கள். குட்டி சில்லென்று இருந்தால் முதலில் சூடேற்றிவிட்டு, குப்புற வைத்தே ஊட்டுங்கள். மல்லாக்கப் போட்டு ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.