கணக்கைத் தேடி வொஷிங்டனுக்குப் போனவர்

ஒரு கம்பனியில் பணம் போடுவதற்கு முன் நாம் கேட்கும் முதல் கேள்வி, "யாரு நடத்துறாங்க?" என்பதுதான். அடுத்தது, "மாசம் எவ்வளவு தருவாங்க?" "கணக்கைக் காட்டுங்க" என்று கேட்பவர்கள் எம்மில் மிகக் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவரின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

பெஞ்சமின் கிரஹம் 1894இல் லண்டனில் பிறந்து, சிறு குழந்தையாக நியூயோர்க் போனவர். 1903இல் தந்தை இறந்தார். கடனுக்குப் பங்கு வாங்கியிருந்த தாயின் சேமிப்பு 1907ஆம் ஆண்டு நெருக்கடியில் அழிந்தது. அந்த வீட்டுப் பிள்ளைதான் பின்னாளில் கம்பனிகளின் கணக்குகளை வாசிக்க உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தார்.

1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் ரொக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஒயில் பல கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் ஒன்று, குழாய் வழியே எண்ணெய் கொண்டுசெல்லும் நோதர்ன் பைப் லைன். இத்தகைய கம்பனிகள் பங்குதாரர்களுக்கு மிகச் சுருக்கமான கணக்கையே காட்டின. ஆனால் அரசின் வணிக ஆணைக்குழுவுக்கு விரிவான அறிக்கை கொடுத்தே ஆக வேண்டும். 1926இல் கிரஹம் ரயில் ஏறி வொஷிங்டன் போய் அந்த அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

சந்தையில் ஒரு பங்கின் விலை சுமார் 65 டொலர். ஆனால் கம்பனியிடம் இருந்த முறிகளையும் ஏனைய முதலீடுகளையும் பங்குகளுக்குப் பிரித்துப் பார்த்தால், ஒரு பங்குக்கு சுமார் 95 டொலர்! குழாய்த் தொழிலின் பெறுமதி வேறு. அது இரகசிய ஆவணமல்ல. போய் வாசிக்க ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

தேவைக்கு மிஞ்சிய பணத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுங்கள் என்று அவர் கேட்டார். நிர்வாகம் மறுத்தது. 1927 ஜனவரியில் ஒயில் சிட்டி என்ற சிறு நகரில் நடந்த வருடாந்தக் கூட்டத்தில், அவரது பிரேரணையை ஆமோதிக்க இன்னொருவர் இல்லாததால் பேசவே முடியவில்லை. அவர் விடவில்லை. ஏனைய பங்குதாரர்களைத் தேடிப்போய் ஆதரவு திரட்டினார். அடுத்த வருடம் பணிப்பாளர் சபையில் இரண்டு ஆசனங்கள் கிடைத்தன. ஒவ்வொரு பங்குக்கும் 70 டொலர் திரும்பி வந்தது.

கிரஹம் தோற்காதவரும் அல்ல. 1929க்கும் 1932க்கும் இடையில் அவர் நிர்வகித்த நிதி சுமார் 70 சதவீதத்தை இழந்தது. கடன் வாங்கி முதலிட்டதும் அதற்கு ஒரு காரணம். அந்த அடிக்குப் பிறகு, 1934இல் டேவிட் டொட்டுடன் சேர்ந்து பங்கு ஆய்வு பற்றிய பெரும் நூலை வெளியிட்டார். பின்னர் 1949இல் சாதாரண மக்களுக்காக எழுதிய நூலின் வழியே அவர் சொல்லித்தந்த சோதனைகள் எளியவை. குறுங்காலச் சொத்து, குறுங்காலக் கடனைப் போல் இரு மடங்காவது இருக்கிறதா? பல வருடங்களாகத் தொடர்ந்து இலாபம் வந்திருக்கிறதா? பங்கிலாபம் இடைவிடாது கொடுக்கப்பட்டிருக்கிறதா? நீண்டகாலக் கடன் அளவோடு இருக்கிறதா? உயர்தர வர்த்தகப் பிரிவில் ஐந்தொகை படித்த பிள்ளைக்கு இவை விளங்கும்.

எமது நாட்டில் 2008 டிசம்பரில் கோல்டன் கீ சரிந்தபோது ஆயிரக்கணக்கானோரின் வைப்புகள் சிக்கின. பொதுமக்களிடம் வைப்பு வாங்க மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமாக அது இருக்கவில்லை. பெரிய குழுமத்தின் பெயரும் கூடுதல் வட்டியுமே மக்களுக்குப் போதுமானதாக இருந்தன.

இன்று நாம் கணக்கைத் தேடி ரயில் ஏறத் தேவையில்லை. கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவான கம்பனிகளின் வருடாந்த அறிக்கைகள் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது. விளங்காவிட்டால் வீட்டில் வர்த்தகம் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வோம். கணக்கைக் காட்ட மறுக்கும் இடத்தில், யார் நடத்தினாலும், எமது பணத்தை வைக்காதிருப்போம்.