சோறு வந்த வழியும் சர்க்கரை வந்த வழியும்

எங்கள் அஸ்தம்பட்டியில் இருக்கும் சேலம் மத்திய சிறை 1862இல் வந்தது. அந்த மதிலுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் சேட்டை செய்தால் பெரியவர்கள் சொல்லும் மிரட்டல் ஒன்றுதான்: "ஜெயில்ல போய்க் களி திங்கப் போறே, பாரு." என்னை அப்படி அடிக்கடி மிரட்டியவர் என் அம்மாயி. வாழப்பாடிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, கல்யாணமாகி வரும்வரை ராத்திரிக்கு ராத்திரி ராகிக் களியே தின்று வளர்ந்தவர் அவர். ஊரே உண்ட உணவு ஒரு தலைமுறைக்குள் தண்டனைச் சாப்பாடாகிவிட்டது. அடுத்த தலைமுறையில் வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய் வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு இந்த இரண்டும் ஒரே கதையாகத்தான் படுகிறது.

சேலம் சீமை நெல் விளையும் சீமை அல்ல. ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உள்ள இடங்களில் நெல் உண்டு. சேர்வராயன் மலைத் தண்ணீர் இறங்கும் மூக்கனேரியின் கீழும் வயல்கள் இருந்தன. மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி. ராகி, கம்பு, சோளம், சாமை, கொள்ளு, அவரை, துவரை. 1918இல் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட கெசட்டியரைப் புரட்டினாலும் இந்தப் புன்செய்ப் பயிர்களின் பெயர்தான் பக்கத்துக்குப் பக்கம் வரும். நெல்லஞ்சோறு என்றால் பொங்கல், தீபாவளி, கல்யாணம், கருமாதி. மற்ற நாளில் அது பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம்.

அந்தப் புன்செய்யும் பொய்த்துப்போன காலம் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேலத்தோடு இருந்தன. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.6 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881இல் 16 லட்சமாக இறங்கியது. நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். அது ஓர் ஆள் உயிரோடு இருக்கவே போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். கல் உடைக்கிற ஆளுக்கு அரைக்கிலோவுக்கும் குறைவான தானியம்! எங்கள் பாட்டன் பூட்டன்கள் அந்தப் பஞ்சத்தில் பிழைத்துக் கிடந்தவர்கள். பசியைத் தாங்கி வந்த பரம்பரையின் உடம்பு கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கப் பழகியிருக்கலாம் என்று 1962இல் ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர் ஒரு கருத்தைச் சொன்னார். அது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால், நம்மவர்கள் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம் என்பதில் விவாதம் இல்லை. அதனால்தான் இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டினாலே நமக்கு எச்சரிக்கை என்கிறார்கள்.

களி எப்படி உருவானது என்று பார்த்தவர்களுக்கு அந்தக் காலத்துச் சாப்பாட்டின் இன்னொரு பாதி தெரியும். விடியற்காலையில் ஏந்திரத்தில் ராகி திரிக்க இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மாற்றி மாற்றிச் சுற்றுவார்கள். சாயந்திரம் பானையில் தண்ணீர் கொதித்ததும் கொஞ்சம் நொய்யரிசி போட்டு வேகவிடுவார் அம்மாயி. நொய் மலர்ந்ததும் ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, துடுப்பால் குழி ஒன்று போட்டு, தீயைக் குறைத்து மூடிவிடுவார். மாவு வெந்து வாசம் வந்ததும் பானையை இறக்கி, கால்களால் அணைத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் கிண்டுவார். தோளில் இருந்து இடுப்புவரை வேலை செய்யும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் பதம். உருண்டை பிடித்துத் தட்டில் வைத்து, பக்கத்தில் கீரைக் கடைசலோ கொள்ளுப் பருப்போ அவரைக்கொட்டைக் குழம்போ ஊற்றினால் அதுதான் ராச்சாப்பாடு. மிச்சம் இருந்தால் காலையில் மோரில் கரைத்துச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பது. தின்பதற்கு முன்பே உழைப்பு, தின்ற பிறகு காட்டில் உழைப்பு.

இதையெல்லாம் மறுபடி கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஏந்திரமும் உரலும் பெண்களின் தோளைத் தின்றவை. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டு, மின்சாரமும் வந்து, ஊருக்கு ஊர் ரைஸ்மில் ஓடத் தொடங்கியபோது உலக்கையைக் கீழே போட்ட பெண்கள் விட்ட பெருமூச்சு நியாயமானது. தீட்டிய அரிசியின் குறையைச் சொல்ல அன்றே ஆட்கள் இருந்தார்கள். குன்னூரில் 1920களில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவ ஆய்வாளர் இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் உணவு உண்டவை நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசி உணவு உண்டவை கடைசியில் நின்றன. காந்தியும் காந்தியப் பொருளியலாளர் குமரப்பாவும் கைக்குத்தல் அரிசிக்காக எழுதினார்கள். ஆனால் பசித்த ஊருக்கு வெள்ளைச் சோறு ஒரு கௌரவம். அந்தக் கௌரவத்தை யாரும் ஏளனம் செய்யக் கூடாது.

1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது. 2008 செப்டம்பரில் ரேஷனில் கிலோ அரிசி ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து விலையே இல்லை. தாது வருஷத்தில் நொய்க்கு அலைந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அரிசி உரிமையாயிற்று. நம் மாநில வரலாற்றில் இதைவிடப் பெரிய காரியங்கள் அதிகம் இல்லை என்பதே என் தீர்ப்பு. கூடவே நடந்தது என்னவென்றால், காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை என்று மூன்று வேளையும் அரிசியே தட்டில் வந்து உட்கார்ந்தது. கொள்ளும் அவரையும் தட்டின் ஓரத்துக்குப் போய், பிறகு காணாமலே போயின.

சேலத்துக்கென்று தனியாக இன்னொரு மாவுச்சத்துக் கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் கிழங்கிலிருந்து இங்கேயே ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினார். குச்சிக்கிழங்கு ராகிக் காட்டையும் நிலக்கடலைக் காட்டையும் பிடித்தது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வடநாட்டு விரத நாள்களின் கிச்சடி நம் கிழங்கில்தான் வேகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். ஆனாலும் ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. சர்க்கரைக்காரர் ஆசைப்படக் கூடாத பாயசம்.

உழைப்பும் இதே காலத்தில் உடம்பைவிட்டுப் போனது. அம்மாப்பேட்டையிலும் குகையிலும் குழித்தறி மிதித்த கால்களுக்கு விசைத்தறி ஓய்வு கொடுத்தது. அஸ்தம்பட்டியில் அலுவலக வேலைக்காரர்கள் பெருகினோம். ரவுண்டானாவுக்குப் பால் வாங்கப் போகவும் ஸ்கூட்டர் வந்தது.

1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது அது பெரும்பாலும் வசதியானவர்கள் நோயாகவே கருதப்பட்டது. 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14.4 பேர். இந்தியா முழுக்க இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தின படியில் நிற்கிறார்கள். நம் ஊரில் இதை "சுகர் பார்டர்ல இருக்கு" என்பார்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, மூன்று மாதச் சராசரி (HbA1c) 5.7 முதல் 6.4 வரை என்றால் அந்த பார்டர்.

எனக்கு வெறும் வயிற்றில் 112, மூன்று மாதச் சராசரி 6.1 வந்தது. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "மாத்திரை இப்ப வேண்டாம்மா. அஞ்சு கிலோ குறைங்க, தினமும் நடங்க, சோத்தக் கம்மி பண்ணுங்க." நானும் விடாமல், "இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். இருந்தது, அதுவும் நம் மண்ணிலேயே.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு இந்த பார்டரில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் அரைமணி நேரமாவது நடந்து, தீட்டிய தானியத்தையும் சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டும் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு: நடந்தவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவில்லை, ஆனாலும் பலன் இருந்தது. எடையைக் குறைத்தால் பலன் இன்னும் கூடும் என்று 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அங்கே உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சியும் இலக்கு. நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது.

நான் காந்தி ஸ்டேடியத்தில் காலையில் நடக்கிறேன். ராத்திரி சாப்பிட்டதும் தெருவில் ஒரு நடை. மத்தியானத் தட்டில் பாதி காய், கீரை; கால் பங்கு கொள்ளு, பச்சைப்பயறு, அல்லது நாமக்கல் முட்டை; மீதிக் கால் பங்குதான் சோறு. தட்டுவடை செட் மாதத்துக்கு ஒரு நாள். எடை நான்கு கிலோ இறங்கியது, மூன்று மாதச் சராசரி 5.8க்கு வந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ராகி மருந்து அல்ல. ராகிக் கூழைச் சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் ராகியும் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அந்தக் காலத்தில் காப்பாற்றியது ராகி மட்டுமல்ல; அளவும், கூட இருந்த கொள்ளும் கீரையும், நாள் முழுக்க இருந்த காட்டு வேலையும் சேர்ந்துதான்.

பழைய சேலம் மாவட்டத்தின் ஒரு மூலையான கிருஷ்ணகிரிச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. இன்னொரு மூலையான தர்மபுரியில் 2023இல் ரேஷனில் அரிசிக்குப் பதில் அட்டைக்கு இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். ராகியோடு கொள்ளும் பயறும் ரேஷனில் கிடைக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது பரிசோதனை. முப்பது வயது தாண்டியவர்கள், அப்பா அம்மாவில் யாருக்காவது சர்க்கரை இருந்தவர்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றில் 100க்கும் 125க்கும் நடுவில் வந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு, அன்று சாயந்திரமே நடக்கத் தொடங்குங்கள்.