முதல் எதை வாசிக்கிறது?

ஒன்லைனில் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்குவது இப்ப பெரிய வேலையில்லை. வட்ஸ்அப்பில் ஒரு குறூப், கிழமைக்கு ஒருக்கா சூம், அவ்வளவுதான். கஷ்டம் வாறது அடுத்த கேள்வியில்தான்: முதல் எதை வாசிக்கிறது?

எங்கட வட்டத்தில் பதினொரு பேர். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன், புத்தளம் என்று ஆளுக்கொரு ஊர். "ஈழத்து முதல் நாவலில இருந்தே தொடங்குவம்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் உடனே ஓம் என்றோம். ஆனால் அந்த முதல் நாவல் எது என்று தேடத் தொடங்கினால், "ஈழத்து" என்று நாங்கள் யாரைச் சொல்கிறோம் என்ற கேள்வியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முதல் ஒரு விசயம். சேர்ந்து வாசிப்பது எங்கட தலைமுறை கண்டுபிடித்த ஒன்றில்லை. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வாசிகசாலை இல்லாத ஊர் குறைவு. ஒரு பேப்பரை ஒருவர் உரத்து வாசிக்க, எழுத்துத் தெரியாதவர்களும் சுற்றியிருந்து கேட்பார்கள். பிறகு வாக்குவாதம் தொடங்கும். யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஆரம்பத்தில் ஒரு மனிதரின் முயற்சிதான். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருசம் ஒரு குழு அமைந்து, அது நூலகமாக வளர்ந்தது. 1959இல் புதுக் கட்டடம் திறக்கப்பட்டது. 1981இல் எரிக்கப்பட்டபோது அங்கே கிட்டத்தட்ட 97,000 நூல்கள் இருந்தன. 1943இல் யாழ்ப்பாணத்து இளம் எழுத்தாளர்கள் சிலர் கூடி மறுமலர்ச்சிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மூன்று வருசம் கழித்து 'மறுமலர்ச்சி' என்ற சஞ்சிகை வந்தது. அவர்களில் கனபேருக்கு எங்கட வயசுதான்.

இனி நாவலுக்கு வருவோம். எங்கட பட்டியலில் மூன்று பெயர்கள் மிஞ்சின.

முதலாவது, 1885இல் வெளிவந்த 'அசன்பேயுடைய கதை'. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த முகம்மது காசிம் சித்திலெப்பை. தொழிலால் வழக்கறிஞர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். தமிழின் முதல் நாவல் என்று பொதுவாகச் சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சானது 1879இல். அதற்கு ஆறே வருசம் கழித்து இது வந்துவிட்டது.

இரண்டாவது, 1895இல் வந்த 'மோகனாங்கி'. எழுதியவர் திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று இதைச் சொல்வார்கள். ஆனால் அச்சானது சென்னையில். கதை நடப்பதும் தமிழ்நாட்டு நாயக்கர் காலத்தில்.

மூன்றாவது, 1914இல் வந்த 'நொறுங்குண்ட இருதயம்'. எழுதியவர் மங்களநாயகம் தம்பையா. ஈழத்தில் தமிழ் நாவல் எழுதிய முதல் பெண். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி மணவாழ்க்கையில் படும் துன்பத்தைச் சொல்கிற கதை. தலைப்பே வேதாகமத்துச் சங்கீதத்தில் இருந்து வந்தது.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒரு கண்டி முஸ்லிம், சென்னையில் புத்தகம் போட்ட ஒரு திருகோணமலைக்காரர், ஒரு கிறிஸ்தவப் பெண். "ஈழத் தமிழ் இலக்கியம்" என்றதும் எங்களில் கனபேருக்கு மனசில் வருவது யாழ்ப்பாணத்துச் சைவ ஆண் புலவர்தான். ஆறுமுக நாவலரின் ஊரில் அது இயல்புதான். ஆனால் நாவல் என்ற புது வடிவத்தை இங்கே முதலில் கையில் எடுத்தவர்கள் அந்த வட்டத்துக்கு வெளியில் நின்றவர்கள்.

அது தற்செயலில்லை என்று நினைக்கிறேன். செய்யுளும் உரையும் படித்தவர்களிடம் ஏற்கெனவே மதிப்பான வடிவங்கள் இருந்தன. நாவலுக்கு அந்த மதிப்பு அப்போது இல்லை. தன் சமூகத்துக்குப் புதுக் கல்வி வேண்டும் என்று பத்திரிகை நடத்திய ஒருவருக்கும், பெண்ணின் துன்பத்தைப் பெண்ணே சொல்ல நினைத்த ஒருவருக்கும்தான் எல்லாரும் வாசிக்கக்கூடிய ஒரு கதை தேவைப்பட்டது.

'அசன்பே'க்கு எதிராக வழக்கமாக ஒரு வாதம் வரும்: "கதை இலங்கையிலயே நடக்கேல்லயே, எகிப்திலயும் இந்தியாவிலயும்தானே நடக்குது. பிறகு எப்பிடி ஈழத்து நாவல்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதே அளவுகோலை வைத்தால் 'மோகனாங்கி'யும் வெளியில் போகவேண்டும். இன்னொன்று, எகிப்து அப்போது இலங்கை முஸ்லிம்களுக்குத் தூரத்து நாடாக இருக்கவில்லை. 1882இல் பிரித்தானியருக்கு எதிராக எழுந்து தோற்ற எகிப்தியத் தலைவர் அராபி பாஷா, 1883இல் இலங்கைக்குத்தான் நாடுகடத்தப்பட்டார். சித்திலெப்பைக்கும் அவருக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக இருவரும் உழைத்தார்கள். இன்றைய கொழும்பு ஸாஹிரா கல்லூரிக்கு அடியிட்ட பள்ளிக்கூடம் 1892இல் தொடங்கியது அந்த முயற்சியில்தான். ஆக, 1885இல் ஒரு கண்டிக்காரர் எகிப்தைக் கதைக்களமாக எடுத்ததற்குக் காரணம் இலங்கையிலேயே இருந்தது. கதை எங்கே நடக்கிறது என்பதோடு, அது எந்த ஊரின் கேள்வியில் இருந்து பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் இலக்கிய வரலாற்றுப் பாடத்துக்கு மட்டும் உரிய விசயமில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம். எங்கட வட்டத்தில் புத்தளத்தில் இருந்து வாறவளின் தாய் அப்படி வெளிக்கிட்ட குடும்பம். "முதல் நாவல்" பற்றிக் கதைக்கும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள்: "உங்கட பட்டியலில எங்கட ஆள் முதலாவது எண்டா, பிறகு ஏன் அவர எங்களுக்கு மட்டும் உரியவர் மாதிரிக் கதைக்கிறீங்க?" எங்களில் ஒருவரிடமும் அதற்குப் பதில் இருக்கவில்லை.

ஆகவே முதல் வாசிப்பு 'அசன்பேயுடைய கதை' என்று முடிவாகியது. அவளைச் சமாதானப்படுத்த இல்லை. தொடங்கிய இடத்திலேயே "நாங்கள்" என்ற சொல் எவ்வளவு அகலமாக இருந்தது என்பதை அந்தப் புத்தகம் ஞாபகப்படுத்துகிறது. அதற்காக.

கைக்குக் கிடைப்பதும் ஒரு காரணம். சித்திலெப்பை காலமானது 1898இல். பதிப்புரிமைப் பிரச்சினை இல்லாமல் பழைய பிரதியின் ஸ்கானை எல்லாரோடும் பகிரலாம். ஹற்றனில் இருக்கிறவர் புத்தகம் தேடிக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. 2005இல் நூலகம் திட்டம் தொடங்கியதில் இருந்து எங்கட பழைய நூல்களைத் தேடுகிற வேலை எவ்வளவோ இலகுவாகிவிட்டது. 1981க்குப் பிறகு பிறந்த எங்களுக்கு அது சின்ன விசயமில்லை.

140 வருசத்துக்கு முந்தின உரைநடை சும்மா ஓடாது. அதுக்கு வாசிகசாலைக்காரர் செய்ததையே செய்யப் போகிறோம். கிழமைக்கு ஒருவர் ஒரு பகுதியை உரத்து வாசித்து, வொய்ஸ் நோட்டாகப் போடவேண்டும். விளங்காத சொல்லுக்கு மட்டக்களப்பில் ஒரு அர்த்தம், புத்தளத்தில் இன்னொரு அர்த்தம் வந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது 'நொறுங்குண்ட இருதயம்'. மூன்றாவது மலையகத்தில் இருந்து, தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை'. அதைத் தெரிவு செய்தது ஹற்றன்காரர். நீங்களும் ஒரு வட்டம் தொடங்குகிறீர்கள் என்றால், முதல் புத்தகத்தை முடிவெடுக்க முதல் பட்டியலில் யார் இல்லை என்று ஒருக்கா எண்ணிப் பாருங்கள்.