ராஜவைத்தியர் 'நல்லபடியா போன' கதை

கழிவறைச் சுவர்ல கிறுக்குறது நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுல பிறந்த பழக்கம்னு நினைக்கிறீங்களா? கொஞ்சம் நீளமான த்ரெட். சாப்பிட்டுட்டு இருக்கிறவங்க முடிச்சுட்டு வாங்க.

கி.பி. 79ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்போ பாம்பேயோட சேர்ந்து புதைஞ்ச ஊர் ஹெர்குலேனியம். அங்க ஒரு வீட்டுக் கழிவறைச் சுவர்ல லத்தீன்ல ஒரே ஒரு வரி. விஷயம் இதுதான்: பேரரசர் டைட்டஸின் மருத்துவர் அப்பொல்லினாரிஸ் இந்த இடத்துல நல்லபடியா வெளிக்குப் போனாராம்.

டைட்டஸ் பேரரசர் ஆனது 79 ஜூன். அந்தப் பட்டத்தை அப்படியே எடுத்துக்கிட்டா, எழுதின சில மாசத்துக்குள்ள ஊரே மண்ணுக்குள்ள போயிடுச்சு. டாக்டரே பெருமையா எழுதினதுன்னு சிலர் சொல்றாங்க, யாரோ அவரை ஓட்டினதுன்னு சிலர். என் ஓட்டு ரெண்டாவதுக்கு. ராஜாவுக்கே மருந்து கொடுக்கிறவரும் உட்கார்ந்துதானே ஆகணும்!

இதைவிட எனக்குப் பிடிச்சது ரோமின் துறைமுக ஊரான ஓஸ்டியாவில் இருக்கு. சுமார் கி.பி. 100ல தீட்டின சுவர் ஓவியம். அது மதுக்கடையா இருந்திருக்கும்ங்கிறாங்க. மேல கிரேக்க ஞானிகள் கம்பீரமா உட்கார்ந்திருக்காங்க. கீழ சாதாரண ஜனங்க வரிசையா கக்கூஸ்ல.

ஞானிகள் பக்கத்துல எழுதியிருக்கிற தத்துவம் என்ன தெரியுமா? சோலோன் நல்லா போறதுக்கு வயித்தைத் தடவிக்கிட்டாராம். மலச்சிக்கல்காரங்க முக்கணும்னு தேல்ஸ் சொன்னாராம். சத்தமில்லாம குசு விடுற வித்தையைக் கைலோன் சொல்லிக் கொடுத்தாராம்.

டாக்டரா என் தீர்ப்பு: சோலோன் பாஸ். வயித்தை மெதுவா நீவி விடுறது நாள்பட்ட மலச்சிக்கலுக்குக் கொஞ்சம் உதவும். தேல்ஸ் ஃபெயில். முக்கினா மூலம், ஆசனவாய் வெடிப்பு. இதய நோயாளிகளுக்கு மயக்கமே வரலாம். கைலோன் மேல எனக்கு எந்த ஆட்சேபனையும் இல்ல.

கீழ உட்கார்ந்திருக்கிறவங்களும் சும்மா இல்ல. ஒருத்தர் அவசரம்ங்கிறார். இன்னொருத்தர் பக்கத்து ஆளுக்குப் பழமொழி ஞாபகப்படுத்துறார்: நல்லா போ, டாக்டர்களை... மீதியை நான் மொழிபெயர்க்க மாட்டேன், என் தொழிலுக்கே அவமானம்.

ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி சுவர்ல பெயிண்ட் அடிச்சுப் பேசின விஷயத்தை, இன்னைக்கு ஓபில ஒரு பெரியவர் "வயிறு சரியில்ல தம்பி"ன்னு ஆரம்பிச்சு, பத்து நிமிஷம் சுத்தி, பக்கத்துல நிக்கிற மருமகளை வெளிய அனுப்பின பிறகுதான் சொல்றார். அதுக்குள்ள ரத்தம் போக ஆரம்பிச்சு மூணு மாசம் ஆகியிருக்கும்.

(இடைச்செருகல்: 'கக்கூஸ்' டச்சுக்காரங்க விட்டுட்டுப் போன சொல். அதுல இருக்கிற 'கக்'குக்கும், அப்பொல்லினாரிஸ் சுவர்ல இருக்கிற லத்தீன் வினைச்சொல்லுக்கும் உறவு உண்டு.)

1731ல லண்டன்ல ஒரு ஆள், ஹர்லோ த்ரம்போங்கிற புனைபெயர்ல, கழிவறைச் சுவர்லயும் மதுக்கடை ஜன்னல் கண்ணாடியிலயும் இருந்த பாட்டுகளைத் திரட்டி புத்தகமாவே போட்டார். கண்ணாடியில வைர மோதிரத்தால கீறுவாங்களாம். வசதியான கிறுக்கன்கள்!

அமெரிக்க மொழியியலாளர் ஆலன் வாக்கர் ரீட் 1928ல ஊர் ஊரா போய் இந்த வரிகளைக் குறிச்சுக்கிட்டார். அகராதிகள் சேர்க்கக் கூச்சப்பட்ட சொற்களுக்கு ஆதாரம் வேணுமே. ஆனா புத்தகம் 1935ல பாரிஸ்ல, சொந்தச் செலவுல, வெறும் 75 பிரதிதான் அச்சாச்சு. ஆய்வாளர்கள் மட்டும் படிக்கலாம்னு அட்டையிலேயே எச்சரிக்கை வேற. 1966ல ஆலன் டண்டெஸ்ங்கிற நாட்டாரியல் பேராசிரியர் 'லாட்ரினாலியா'ன்னு பேர் வெச்ச பிறகுதான் இதுக்கு ஒரு கௌரவம் வந்துச்சு.

நம்ம ஊர்ல வெள்ளையடிக்கிறதோட எல்லாம் போயிடுது. அடுத்த தடவை சிரிக்க வைக்கிற வரி கண்ணுல பட்டா ஒரு போட்டோ எடுத்து வைங்க. ஏதாவது பொண்ணோட பேரும் போன் நம்பரும் இருந்தா, போட்டோ வேண்டாம், கையோட அழிச்சுட்டு வாங்க.