வீட்டு வரியும் குடவோலையும்

சிரம்பானைச் சார்ந்த தெமியாங்கிலும் அதனைச் சுற்றியுள்ள தாமான்களிலும் நம்மவர் பலர் இன்று சொந்த வீட்டுக்காரராய் வாழ்கின்றனர். அவர்தம் பாட்டன்மாரோ தோட்டத்து லயத்திற் பிறந்து லயத்திலேயே மாண்டவர்கள். லயத்து வீட்டிற்கு வரியில்லை. நிலத் தீர்வையைக் கம்பெனி செலுத்திற்று. வேலை போயின் வீடும் போயிற்று. அக்கால வாழ்வை வரியில்லா இன்ப வாழ்வென்று புகழ்வாரும் உளர். வரி கட்டாதவனுக்கு ஊராட்சியில் வாயுமில்லை என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், தொண்டை நாட்டு உத்தரமேரூரிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் ஊர் வாரியங்களுக்குக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விளக்குகின்றன. முப்பது குடும்புகளாக ஊர் பிரிக்கப்பட்டிருந்தது. குடத்தில் ஓலையிடத் தக்கவன் யாவன்? கால் வேலிக்கு மேற்பட்ட, வரி செலுத்தும் நிலம் உடையவன். தன் மனையில் தானே வீடு கட்டிக் குடியிருப்பவன். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவனும் அவன் உறவினரும் தள்ளப்பட்டனர். ஆயின் இதனைக் குடியாட்சியின் சிகரமென மேடைதோறும் முழங்குவோர் ஒன்றை மறைத்து விடுகின்றனர். அஃது அந்தணர் ஊரின் சபை. வேதமறிதலும் ஒரு தகுதி. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அக்குடத்தில் ஓலையில்லை. எனினும், வரி கொடுப்பவனே கணக்குக் கேட்க உரியவன் என்னும் கருத்து நம்மினத்திற்குப் புதிதன்று. இதே உரிமைக்காக 1773இல் போஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலிற் கொட்டிய கதையை ஆங்கில நூல்களில் நாம் பெருமையோடு படிக்கின்றோம்.

நிற்க. இந்நாட்டில் வீட்டுக்காரன் செலுத்தும் வரி இரண்டு. இரண்டையும் ஒன்றென மயங்குவதால் விளையும் கேடு சிறிதன்று.

முதலாவது நிலவரி. இது மாநில அரசுக்குரியது. நில அலுவலகத்திற் செலுத்தப்படுவது. 1966ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி, இவ்வரி சனவரி முதல் நாளிற் கடனாகின்றது. மே மாத முடிவிற்குள் கட்டாவிடின் சூன் முதல் நாளிலிருந்து நிலுவையாகின்றது. அதன்பின் கேட்பு அறிக்கை வரும். அறிக்கையில் குறித்த மூன்று மாதத்திற்குள்ளும் செலுத்தப்படாவிடின் நிலம் அரசுக்கே திரும்பி விடலாம். வரி சிறிது, தண்டனையோ வீட்டையே விழுங்கத்தக்கது.

மற்றது மதிப்பீட்டு வரி. ‘சுக்காய் பிந்து’, அதாவது வாசல் வரி, என்று மலாய் வழக்கிற் கூறப்படுவது. இதன் மூலம் ஆங்கிலேயர் காலத்துச் சுகாதாரச் சபை. கோலாலம்பூரில் அத்தகைய சபை 1890இல் ஏற்பட்டது. சாக்கடை, தெருவிளக்கு, குப்பை அகற்றல் இவையே அதன் கவலை. உறுப்பினரை அரசாங்கமே நியமித்தது. இன்று இவ்வரியை வாங்குவது, நீலாய் நகராண்மைக் கழகத்தையும் இணைத்துக்கொண்டு 2020 சனவரியில் மாநகராகிய சிரம்பானின் மாநகர மன்றம். ஆண்டிற்கு இருமுறை செலுத்த வேண்டும். தவறினால் வீட்டிலுள்ள அசையும் பொருள்களைக் கைப்பற்றும் அதிகாரம் மன்றத்திற்கு உண்டு.

வரியைக் கணிக்கும் முறையை அறிந்தோர் சிலரே. ஒரு வீடு மாதம் 600 வெள்ளி வாடகைக்குப் போகுமெனக் கொள்வோம். ஆண்டு மதிப்பு 7,200 வெள்ளி. நூற்றுக்கு எட்டு என்று மன்றம் விதிப்பின் வரி 576 வெள்ளி, அரையாண்டிற்கு 288. உண்மையில் வாடகைக்கு விட்டோமா என்பது கேள்வியன்று. விட்டால் என்ன கிடைக்கும் என்பதே கணக்கு. பின்புறம் அடுப்பங்கரையைப் பெரிதாக்கினால் மதிப்பும் ஏறும். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் ஆண்டு மதிப்பில் நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேல் விதிக்கலாகாதென்று எல்லை கட்டியிருக்கின்றது. வீட்டை விற்றவர் மூன்று மாதத்திற்குள் மன்றத்திற்கு அறிவிக்க வேண்டும். இல்லையேல் வாங்கினவன் கட்டாத வரி விற்றவன் தலையில் விடியும்.

மதிப்பை உயர்த்தும்போது அறிக்கை வரும். ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளர் அதனைக் கிராணிமாராகிய நம்மிடம் கொண்டு வருவர். பெரும்பாலும் நாள் கடந்த பின்னரே. மறுப்பைப் பரிசீலிக்கக் குறித்த நாளுக்குப் பதினான்கு நாட்களேனும் முன்னதாக எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். அங்கும் நீதி கிட்டாதெனின் உயர் நீதிமன்றம் வரை செல்லலாம். அரசியற் கூட்டத்திற்குப் பேருந்து பிடித்துச் செல்லும் நம்மவர் இந்த ஒரு தாளை எழுதத் தயங்குவது வியப்பே.

இனி வாக்குரிமைக்கு வருவோம். மலாயாவில் 1950ஆம் ஆண்டின் சட்டத்தால் ஊராட்சித் தேர்தல் வந்தது. 1951இல் ஜார்ஜ் டவுனிலும், 1952இல் கோலாலம்பூரிலும் மக்கள் வாக்களித்தனர். இந்தோனேசியாவுடன் மோதல் நிகழ்ந்த காலத்தில், 1965இல், தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1966இல் மோதல் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய 1965இல் அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழுவுக்குத் தலைவராயிருந்தவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் முடிவுற்ற அக்குழுவின் அறிக்கை, ஊர்மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவையாகவே இருத்தல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதனை ஏற்றிலது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு இடமின்றிச் செய்தது. மன்ற உறுப்பினரை நியமிப்பது மாநில அரசாயிற்று.

ஆகவே, தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறி, ‘கிராண்டு’ பத்திரம் கையில் வாங்கி, முதன்முதலாக வரி செலுத்துவோராய் நம்மவர் பெருகிய காலம், வரி செலுத்துவோர் ஊராட்சி வாக்கை இழந்த காலத்திற்குப் பின்னரே வாய்த்தது. உத்தரமேரூரில் நிலமும் வீடும் இருந்தாலன்றி ஓலையில்லை. தெமியாங்கில் நிலமும் வீடும் இருக்கின்றன, ஓலை இல்லை. வீட்டுக்காரன் கையில் மீந்திருப்பது அந்தப் பதினான்கு நாள் கணக்கும் ஒரு மறுப்புக் கடிதமுமே.