செத்த காலேஜ்

சென்னை அருங்காட்சியகத்தைப் பற்றிய பழைய விவரங்களை நான் தேட ஆரம்பித்ததற்கு அப்பாயிதான் காரணம். சின்ன வயசில் ஒருமுறை பெண்ணாடத்தில் ரயிலேறிப் போய், செத்த காலேஜும் உயிர் காலேஜும் பார்த்துவிட்டு வந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. பாங்கில் லீவு போட்டுவிட்டு கன்னிமாரா நூலகத்தில் நான் உட்கார்ந்தது, இந்த இரண்டு பெயர்களுக்கு ஆதாரம் கிடைக்காதா என்றுதான்.

ஏடுகளில் இருப்பது வேறு சரித்திரம். 1846ல் சென்னை இலக்கியச் சங்கம் யோசனை சொன்னது. 1851ல் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் பொறுப்பேற்றார். கையிருப்பு, சுமார் 1100 கல், தாது மாதிரிகள். இடம், செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டிடம். 1854ல் எழும்பூர் பாந்தியனுக்கு மாறியது. அங்கே பால்ஃபர் உயிருள்ள மிருகங்களையும் வைத்தார்; கூட்டம் பெருகிற்று. 1863ல் மிருகங்கள் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின.

கல்லூரிக் கட்டிடத்தில் அருங்காட்சியகம் இருந்தது மூன்றே வருஷம். சர்க்கார் விலாசத்தை மாற்றியது. ஜனங்கள் 'காலேஜை' விடவில்லை. மிருகங்கள் பிரிந்த பிறகுதான் எது உயிர், எது செத்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அப்படியானால் 1851ம் 1863ம் அப்பாயியின் இரண்டு சொற்களிலும் இருக்கின்றன. இது என் ஊகம். ஆனால் வலுவானதென்றே நினைக்கிறேன்.

அறிக்கைகளில் இந்த ஜனங்கள் வெறும் எண்ணிக்கை. நாள் முடிவில் ரொக்கம் சரியாகிவிட்டால் கவுண்டரில் வந்து நின்ற முகங்களை மறந்துவிடும் உத்தியோகம் என்னுடையது. அந்தப் பாஷை எனக்குப் பழக்கம். 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் ஒரு படி மேலே போனார். ஜாதிவாரியாக மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909ல் ஜாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வந்தன. கல்லையும் பூச்சியையும் வகைப்படுத்திய பார்வை மனிதனையும் விட்டுவைக்கவில்லை.

செத்த காலேஜ் என்பதைப் பாமரரின் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பது படித்தவர் வழக்கம். நானும் சிரித்தவன்தான். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்தவற்றின் முன்னால் நின்றபோது சிரிப்பு வரவில்லை. செத்தவர்களோடு அவர்களுடைய மனிதர்கள் புதைத்த பொருட்கள் அவை. யாரும் திரும்ப எடுப்பதற்காகப் புதைக்கவில்லை. கண்ணாடிக்குள் எண்ணோடு இருக்கின்றன. இந்த இடத்துக்கு 'செத்த' என்று பெயர் வைத்தவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். அருங்காட்சியகம் என்ற நம் சொல்லில் அந்த நேர்மை இல்லை.

அப்பாயி இப்போது இல்லை. அங்கே என்ன பார்த்தாய் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. பால்ஃபரும் தர்ஸ்டனும் சொன்னதை வரிவரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். அவள் போன வருஷத்து எண்ணிக்கையில் அவளும் ஒன்று. அது எந்த வருஷம் என்றுகூடத் தெரிந்து வைத்துக்கொள்ளவில்லை.