செகண்ட் ஹேண்ட் அன்னபூரணி

பழைய மாணவ நண்பர்களே! செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வாங்க மதுரைத் தெருவெல்லாம் அலைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பெயிண்டைப் பார்த்து ஏமாந்துடாதே, சக்கரத்தைச் சுத்திப் பார் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். பழைய பாய்க்கப்பல் வாங்குவதற்கும் இதே கணக்குதான்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய கப்பல் 'அன்னபூரணி அம்மாள்'. வேப்பமரத்தில் சுந்தரம் மேஸ்திரியார் கட்டியது. நீளம் 89 அடி. சரக்கு ஏற்றிப் பிழைத்த அந்தக் கப்பலை அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். சாதாரண ஆள் அல்ல அவர். 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றியவர்!

மரக்கப்பலை எப்படி மதிப்பிடுவது? பலகையைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். கத்திமுனை பொதுக்கென்று இறங்கினால் உளுத்த மரம். கடற்புழு துளைத்திருக்கிறதா, ஆணி துருப்பிடித்திருக்கிறதா, அடிமரம் வளையாமல் நேராக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பாயும் கயிறும் கிழிந்தால் மாற்றலாம். அடிமரம் போனால் கப்பலே போச்சு!

அன்னபூரணி அந்தப் பரீட்சையில் தேறினாள். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவருடன் புறப்பட்டு, அட்லாண்டிக் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகம் சேர்ந்தாள். ஆனால் அங்கே போனபோது பெயர் 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்'; அது புதிய முதலாளியின் மனைவி பெயர்.

வாங்கியவருக்குப் பெயர் மாற்ற உரிமை உண்டு, மறுக்கவில்லை. கட்டியவர் பெயரை மறக்க நமக்கு உரிமை உண்டா? தம்பி தங்கைகளே, பழைய பொருள் எதை வாங்கினாலும், யார் செய்தது என்று ஒருதரம் கேளுங்கள்.